கடைசித் துண்டு வரை: ஜிக்சா புதிர்ப் பரிமாற்றமும் அண்டை வீட்டு உறவும்

ஒரு படத்தை அட்டையிலோ மரப்பலகையிலோ ஒட்டி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டி, கலைத்துப் போட்டு மீண்டும் ஒன்றுசேர்ப்பதே ஜிக்சா புதிர் எனப்படும் விளையாட்டு. இதற்கு எதிராளி வேண்டாம், நடுவர் வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஒரு மேசையும் பொறுமையும் இருந்தால் போதும். ஆகவே, ஆட்டங்களிலெல்லாம் தனிமையானது இதுவே என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றக்கூடும். ஆயினும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இந்தப் புதிர்ப் பெட்டிகள் வீட்டுக்கு வீடு கைமாறிவரும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. முடித்த புதிரைக் கலைத்துப் பெட்டியில் போட்டு, மூடி திறந்துகொள்ளாதபடி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, பக்கத்து வீட்டு வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையிலோ வைத்துவிட்டு, அங்கே வேறொருவர் வைத்திருக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. சில சமயம் ஒரு நன்றிச் சீட்டு இருக்கும்; பல சமயம் அதுவும் இராது.

இத்தகைய பரிமாற்றத்தைப் பொழுதுபோக்கின் உபவிளைவாக மட்டும் கருதி ஒதுக்கிவிட முடியாது. நகர வாழ்க்கையில் அண்டை வீட்டாரோடு உறவு கொள்ள விரும்பியும் அவர்களுடைய நேரத்திலும் தனிமையிலும் குறுக்கிடத் தயங்குகிற மனிதர்களுக்கு, அந்தத் தயக்கத்தை மதித்தபடியே ஓர் உறவைத் தொடங்கவும் நீடிக்கவும் இது வழிசெய்கிறது. புத்தகம், செடி, பலகாரம் என்று அண்டை வீட்டாரிடையே கைமாறும் பொருள்கள் பல உண்டு. அவற்றுக்கில்லாத எந்தத் தன்மை இந்தப் புதிர்ப் பெட்டியைப் பரிமாற்றத்துக்கு இவ்வளவு பொருத்தமாக்குகிறது என்பதை அதன் வரலாற்றையும் பொருளியலையும் சமூகவியலையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

வகுப்பறையிலிருந்து பத்திரிகைக் கடைக்கு

ஜிக்சா புதிர் பாடக் கருவியாகத்தான் பிறந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் நிலப்படவியலாளரான தாமஸ் ஜெஃப்ரிஸிடம் தொழில் பயின்ற ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செப்புத்தகட்டுச் செதுக்குநர், 1760களில் லண்டனில் நிலப்படங்களை மகாகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகள் வழியே நுண்ணிய ரம்பத்தால் அறுத்து, குழந்தைகளுக்குப் புவியியல் கற்பிப்பதற்காக விற்றார். அவருக்குச் சற்று முன்னரே, லண்டனில் ஆசிரியையாக இருந்த மாடம் லெப்ரன்ஸ் தெ போமோன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் மர நிலப்படங்களைக் கொண்டு பாடம் நடத்தியதற்குச் சான்றுகள் உண்டு. ஆகவே முதலில் செய்தவர் யார் என்பதைவிட, இதை வணிகமாக்கியவர் ஸ்பில்ஸ்பரி என்று கொள்வதே பொருத்தம். அரச குடும்பத்துக் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பிலிருந்த லேடி சார்லட் ஃபின்ச் இத்தகைய நிலப்படங்களை வைத்திருந்த மர அலமாரி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

விலை மிகுந்த பொருளாக இருந்ததால் அது வசதி படைத்தோரின் அடையாளமாகவும் அமைந்தது. 1814இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில், பணக்கார உறவினர் வீட்டில் வந்து வளரும் ஏழைச் சிறுமிக்கு ஐரோப்பிய நிலப்படத்தைப் பொருத்தத் தெரியவில்லை என்று அவ்வீட்டுப் பெண்கள் வியந்து இகழ்கிறார்கள். யாரிடம் புதிர் இருந்தது, யாரிடம் இல்லை என்பதே வர்க்க வேறுபாட்டைக் காட்டப் போதுமானதாக இருந்த காலம் அது.

பெரியவர்களுக்கான புதிர்கள் பரவலானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அமெரிக்காவில் 1908ஐ ஒட்டி எழுந்த மோகத்தின்போது, பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் 1909இல் தன் மற்றத் தயாரிப்புகளை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை முழுவதையும் புதிர் அறுப்பதற்கே ஒதுக்கியது. அறுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு துண்டையும் கையால் அறுக்க வேண்டியிருந்ததால் 500 துண்டுகள் கொண்ட ஒரு புதிரின் விலை ஏறத்தாழ 5 டாலர். அன்றைய சராசரித் தொழிலாளியின் மாதச் சம்பளமோ சுமார் 50 டாலர். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரு விளையாட்டுப் பொருளுக்குக் கொடுக்க எந்தத் தொழிலாளியாலும் இயலாது என்பதால், பணக்காரர்களின் வார இறுதி விருந்துகளில்தான் புதிர் மேசைகள் இடம்பெற்றன.

இந்த நிலையைத் தலைகீழாக மாற்றியது 1930களின் பெரும் பொருளாதார மந்தம். எஃகுத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சை அட்டையின் மேல் வைத்து அழுத்தி, எல்லாத் துண்டுகளையும் ஒரே வீச்சில் வெட்டியெடுக்கும் முறை அப்போது பரவலாயிற்று. விலை சடாரென்று விழுந்தது. 1932இன் பிற்பகுதியில், பாஸ்டன் வட்டாரத்தில் வாரந்தோறும் புதன்கிழமை பத்திரிகைக் கடைகளில் 25 சென்ட் விலையில் ஒரு புதிய புதிர் வரத் தொடங்கியது. கையிருப்புத் தீர்வதற்குள் அதை வாங்கிவிட வேண்டும், நண்பர்களுக்குள் முதலில் முடித்தவராகத் தாம் இருக்க வேண்டும் என்று மக்கள் போட்டியிட்டார்கள். பல்துலக்கும் தூரிகை முதல் பல பொருள்களுக்கு இலவச இணைப்பாகவும் புதிர்கள் வந்தன. 1933இன் தொடக்கத்தில், உச்சக்கட்டத்தில், அமெரிக்காவில் வாரத்துக்கு ஒரு கோடிப் புதிர்கள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. அந்நாட்டில் அப்போது இருந்த குடும்பங்கள் ஏறத்தாழ மூன்று கோடி. உழைக்கும் மக்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2004இல் நூலாக எழுதிய ஆன் வில்லியம்ஸ், மெய்ன் மாநிலத்து பேட்ஸ் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். வேலையின்மை மிகுந்த காலத்தில் இந்த மோகம் வந்தது தற்செயல் அன்று என்பதை அவருடைய ஆய்வு காட்டுகிறது. உணவகத்துக்கும் கேளிக்கை விடுதிக்கும் போக வழியில்லாத குடும்பங்கள் மாலை நேரத்தை வீட்டிலேயே கழிக்க வேண்டியிருந்தது. வேலை இழந்தவருக்கு, எடுத்த காரியத்தை முடித்தோம் என்ற நிறைவைக் கொடுக்கக்கூடியவை மிகச் சிலவே இருந்தன. இவற்றோடு மூன்றாவது காரணம் ஒன்றும் சேர்ந்தது. ஒரு வீட்டில் முடிந்த புதிர் அடுத்த வீட்டில் புதிதாகத் தொடங்கியது. மருந்துக் கடைகளும் சுற்று நூலகங்களும் ஓர் இரவுக்கு 3 முதல் 10 சென்ட் வரை வாங்கிக்கொண்டு புதிர்களை வாடகைக்கு விட்டன. வேலையில்லாத கட்டடக் கலைஞர்களும் தச்சர்களும் வீட்டுப் பட்டறையில் மரப் புதிர்களை அறுத்துத் தங்கள் ஊரிலேயே விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். அதே 1933இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஜிக்சா புதிர் நூலகம், மரப் புதிர்களைத் தன் உறுப்பினர்களுக்கு அஞ்சலில் இரவல் அனுப்பியது. அந்தப் பெட்டிகளில் மாதிரிப் படம் இராது. என்ன படம் என்பது பொருத்தப் பொருத்தத்தான் தெரியவரும். பரிமாற்றம் என்ற வழக்கம், ஏழைகளின் கைக்கு இப்புதிர் எட்டிய அதே காலத்தில், அதே காரணத்தால் வேரூன்றியது என்பதே இங்கு முதன்மையாகக் கவனிக்க வேண்டியது.

ஒருவருக்கு முடிந்தது, மற்றவருக்கு முடியாதது

பொருள்கள் பயன்படப் பயன்படத் தேய்கின்றன என்பது பொருளியலின் பாலபாடம். உணவு உண்டதும் தீர்கிறது; ஆடை உடுத்த உடுத்த நைகிறது. ஜிக்சா புதிரோ இந்த விதிக்கு விசித்திரமான விலக்கு. ஆயிரம் துண்டுகளையும் பொருத்தி முடித்தவருக்கு அந்தப் பெட்டியின் பயன் பெரும்பகுதி தீர்ந்துபோகிறது. வானத்தின் நீலத்தில் எந்தத் துண்டு எங்கே போகும் என்பது முழுதாக நினைவில் இல்லாவிட்டாலும், படம் எப்படி உருவாகும் என்ற ஆவல் போய்விட்டது. ஆனால் அந்தப் பொருளுக்குள் தேய்மானம் ஏதும் இல்லை. அடுத்தவர் கைக்குப் போனதும் அது முழு மதிப்போடு மீண்டும் தொடங்குகிறது. புத்தகமும் ஏறத்தாழ இப்படித்தான் என்றாலும், படித்த புத்தகத்தை மறுபடி புரட்டவும் மேற்கோளுக்குத் தேடவும் பிரியமாக அலமாரியில் வைத்துக்கொள்ளவும் மனம் விரும்புகிறது. முடித்த புதிரின் பெட்டி, அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. கொடுப்பவருக்கு இழப்பே இல்லாமல் பெறுபவருக்கு முழுப் பயனும் கிடைக்கும் பொருள் என்பதால்தான், கொடுக்கும்போது தயக்கமோ பெறும்போது கூச்சமோ எழுவதில்லை.

இதோடு நேரம் என்ற மற்றொரு கூறும் சேர்கிறது. வழக்கமான ஆயிரம் துண்டுப் புதிர் ஒன்று ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பல புதிர்களில் நீளவாட்டில் 38, அகலவாட்டில் 27 என்று வரிசைகள் அமைவதால் துண்டுகளின் உண்மையான எண்ணிக்கை 1026 ஆக இருக்கும். அவற்றுள் 126 மட்டுமே ஓரத் துண்டுகள். பழகியவர்கள் முதலில் நேரான விளிம்புள்ள இந்த ஓரத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டத்தை அமைத்துக்கொள்வார்கள். பிறகு நிறம்வாரியாகக் கிண்ணங்களில் பிரிப்பார்கள். எழுத்து, முகம், கூரை விளிம்பு என அடையாளம் தெளிவாக உள்ள பகுதிகளை முடித்துவிட்டு, வானத்தையும் புல்வெளியையும் கடைசிக்கு ஒதுக்குவார்கள். அப்போது நிறம் உதவாது; துண்டின் வடிவத்தை மட்டும் நம்பி ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த உழைப்பு பல மாலைகளுக்கு நீளும். அதே பெட்டியை வாங்கிச் சென்ற அண்டை வீட்டாரும் அதே வானத்தின் முன் அதே திகைப்போடு உட்கார்ந்திருக்கப்போகிறார் என்பது கொடுத்தவருக்குத் தெரியும். ஒரே வேளையில் ஒரே அறையில் இல்லாமலேயே இருவரும் ஒரே அனுபவத்தைக் கடந்துபோகிறார்கள். பின்னர் படிக்கட்டில் சந்திக்கும்போது, அந்தக் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருந்த மேகம் படுத்தியபாட்டைப் பற்றிப் பேச இருவருக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பேசாமல் போனாலும் குறையில்லை.

இந்தப் பரிமாற்றத்தின் அறம் முழுவதும் தங்கியிருப்பது துண்டுகளின் எண்ணிக்கையில்தான். ஒரு துண்டு குறைந்திருந்தாலும் புதிர் முடியாது. அந்தக் குறை இறுதிக் கட்டத்தில்தான், பல மணிநேர உழைப்புக்குப் பிறகுதான் வெளிப்படும். பெட்டியைக் கையில் வாங்கும்போது அதை அறிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தைகளில், தரமான சரக்கு விலகி மோசமான சரக்கே மிஞ்சும் என்று 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஜார்ஜ் அக்கர்லாஃப் விளக்கினார். பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்ட அந்த ஆய்வுக்காகப் பின்னாளில் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய புதிர்ப் பெட்டிக்கும் அவருடைய வாதம் அப்படியே பொருந்துகிறது. தெரியாத ஒருவரிடம் வாங்கும் பெட்டியில் எல்லாத் துண்டுகளும் இருக்கும் என்று நம்ப நியாயம் இல்லை. பிரிட்டனில் அறக்கொடைக் கடைகள் சிலவற்றில் தொண்டர்கள் புதிரை முழுக்கப் பொருத்திப் பார்த்த பிறகே விற்பனைக்கு வைப்பதற்குக் காரணம் இதுதான்.

அண்டை வீட்டாரிடையே இந்தச் சிக்கல் கடையில் தீர்வதுபோல் தீர்வதில்லை. நாளையும் அதே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியவர்கள் என்பதால் அவர்களிடையே நாணயம் தானாகவே ஒரு முறைமையாகிவிடுகிறது. முடித்தவர் மூடியின் உட்புறத்தில் முடித்த தேதியையும், ‘எல்லாம் உள்ளது’ என்றோ ‘ஒரு துண்டு இல்லை, இடது மேல் மூலை’ என்றோ எழுதிவைக்கும் பழக்கம் மரப் புதிர்க் காலத்திலிருந்தே உண்டு. பல கைகள் மாறிய பழைய பெட்டிகளின் மூடிகளில் இப்படிப் பல கையெழுத்துகள் வரிசையாகக் காணக்கிடைக்கின்றன. குறையை மறைக்காமல் எழுதிவைப்பவர் மேல் அடுத்தவருக்குக் கோபம் வருவதில்லை. காணாமல் போன துண்டு சோபாவுக்கு அடியில் அகப்பட்டால் அதை உறையில் போட்டு வாசற்கதவில் செருகுவது அந்த உறவை இன்னும் இறுக்குகிறது. நம்பிக்கை என்பது பெரும் வாக்குறுதிகளால் வளர்வதைவிட, மீறுவதற்கு வாய்ப்பிருந்தும் மீறாத சின்னஞ்சிறு செயல்களால் வளர்வதே அதிகம். புதிர்ப் பெட்டி அத்தகைய செயலுக்கு மாதந்தோறும் வாய்ப்பளிக்கிறது.

குறுக்கிடாத நெருக்கம்

கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் என்ற மூன்று கடமைகளால் சமூகங்கள் பிணைக்கப்படுகின்றன என்று 1925இல் வெளிவந்த கொடை பற்றிய தம் ஆய்வில் பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் எடுத்துரைத்தார். பெற்றதை உடனடியாகச் சரிக்குச் சரியாகத் தீர்த்துவிட்டால் அது வணிகம். சிறிது காலம் விட்டு, சற்றே வேறான ஒன்றைத் திருப்பித் தந்தால்தான் உறவு தொடரும். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராமல் அதில் எதையாவது போட்டுக் கொடுத்தனுப்பும் தமிழ் வீடுகளின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு மோஸின் கருத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பலகாரத்தில் ஒரு சுமையும் உண்டு. அதைச் செய்ய உழைப்பு வேண்டும். சாதி, உணவுமுறை, நோய் குறித்த கேள்விகள் எழும். திருப்பித் தர இயலாதவருக்குக் கடன்பட்ட உணர்வு மிஞ்சும். புதிர்ப் பெட்டிக்குப் பதில் புதிர்ப் பெட்டி என்னும்போது கடன் இலேசாகிறது. எவர் யாருக்கு எத்தனை தர வேண்டும் என்று எண்ணத் தேவையில்லாத அளவுக்கு இலேசாகவும், அடியோடு மறந்துவிட முடியாத அளவுக்குக் கனமாகவும் அது இருக்கிறது.

பரிமாற்றத்தின் அமைதியைப் புரிந்துகொள்ள மற்றொரு கோட்பாடு துணைசெய்கிறது. பெனலோபி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர் இருவர் மரியாதை பற்றி 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக்கிய ஆய்வு, ஆங்கிலத்தோடு மெக்சிகோவின் ட்செல்தால் மொழியையும் கோயம்புத்தூர் வட்டாரத்துத் தமிழையும் களமாகக் கொண்டது; தமிழ்க் கிராமத்தில் தங்கித் தரவு திரட்டியவர் லெவின்சன். ஒவ்வொரு மனிதருக்கும் பிறர் முன் காக்க வேண்டிய முகங்கள் இரண்டு என்று அவர்கள் வகுத்தார்கள். பிறரால் விரும்பப்பட வேண்டும், தம்மவராக ஏற்கப்பட வேண்டும் என்ற ஆசை ஒன்று; தம் போக்கில் பிறர் குறுக்கிடக் கூடாது, தம்மை எதற்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஆசை மற்றொன்று. முன்னதை நேர்முகம் என்றும் பின்னதை எதிர்முகம் என்றும் சொல்லலாம். அண்டை வீட்டாரிடம் நட்பு பாராட்டும் பெரும்பாலான வழிகள் முதல் முகத்தைப் போற்றி இரண்டாவதைப் புண்படுத்துகின்றன. அழைப்பு மணியை அடித்தால் வேலை கெடுகிறது. தேநீருக்கு அழைத்தால் மறுக்க ஒரு சாக்கு தேட வேண்டியிருக்கிறது. நலம் விசாரித்தால் சொல்ல விரும்பாததைச் சொல்ல நேர்கிறது. வாசலில் வைக்கப்பட்ட புதிர்ப் பெட்டியோ, உங்களை நினைத்தோம் என்று சொல்கிறது, பதில் கேட்பதில்லை. எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் விடலாம். இன்றே தொடங்கலாம், அடுத்த மாதமும் தொடங்கலாம். இரண்டு முகங்களையும் ஒருசேரக் காக்கும் செயல்கள் மிக அரிது என்பதால்தான் இந்தச் சிறு வழக்கத்துக்கு மதிப்பு கூடுகிறது.

இப்படி உருவாகும் உறவு நெருங்கிய நட்பு ஆகிவிடாது. ஆக வேண்டியதும் இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உற்றார் உறவினரைவிட அறிமுக அளவில் உள்ளவர்கள் மூலமே புதிய செய்திகளும் வேலைவாய்ப்புகளும் ஒருவரை அதிகம் எட்டுகின்றன என்று காட்டி, அத்தகைய மெல்லிய தொடர்புகளின் வலிமையை முன்வைத்தார். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டன்னும் 2014இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு, வழக்கத்தைவிட அதிகமான அறிமுகக்காரர்களோடு பேச நேர்ந்த நாட்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியோடும் சமூகத்தில் ஓர் அங்கம் என்ற உணர்வோடும் இருந்ததைக் கண்டது. பெயரும் வீட்டு எண்ணும் மட்டுமே தெரிந்த, ஆனால் எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்பது தெரிந்த ஓர் அண்டை வீட்டார் இந்த வகையைச் சேர்ந்தவரே. பூனைப் படம் வேண்டாம், பழைய ரயில் நிலையம் என்றால் உயிர் என்று ஒருவரைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது அற்பச் செய்தி போலத் தோன்றலாம். தம்மைப் பற்றி அப்படி ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அந்த அண்டை வீட்டார்தான் என்ற நிலையிலுள்ள முதியவர்களுக்கு அது அற்பமன்று.

அமெரிக்க, கனடியப் பொது நூலகங்கள் பலவற்றில் காணப்படும் புதிர் மேசை இதே பண்பின் வேறொரு வடிவம். வாசலருகே பரப்பிவைக்கப்பட்ட புதிரில் வருவோர் போவோர் நின்று நான்கு துண்டுகளைப் பொருத்திவிட்டுப் போகிறார்கள். ஒருவரையொருவர் பாராத பலர் சில நாட்களில் ஒரு படத்தை முடித்துவிடுகிறார்கள். அங்கே எவரும் எவருக்கும் கடன்படவில்லை; பரிமாற்றத்தில் இருக்கும் தொடர்ச்சியும் நம்பிக்கையும் அங்கே இல்லாததால் அதை உறவு என்று சொல்வதைக் காட்டிலும் உறவுக்கான வாசல் என்று சொல்வதே சரி.

2020ஆம் ஆண்டு

கொரோனா பெருந்தொற்று இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. 2020 மார்ச் மாத இறுதியில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன், ஊரடங்கில் எவற்றை இன்றியமையாப் பொருளாகக் கொள்வது என்று விளக்கும்போது, தம் குடும்பத்துக்காக வாங்கிய ஜிக்சா புதிர்களையும் அந்த வகையில் சேர்த்தார். ஜெர்மனியின் ரேவன்ஸ்பர்கர் நிறுவனம் 1883இல் பதிப்பகமாகத் தொடங்கி, 1964 முதல் புதிர்களைத் தயாரித்துவருகிறது; 2020இல் அதன் மொத்த விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்தது. தேவை திடீரென்று ஏறியபோது உற்பத்தியை அதே வேகத்தில் ஏற்ற முடியவில்லை. வெட்டும் அச்சுகளை உருவாக்கக் கைத்திறனும் காலமும் வேண்டும். தொழிலாளர்கள் இடைவெளி விட்டு நிற்க வேண்டியிருந்தது. கடைகள் பல மூடிக்கிடந்தன. நூலகங்களும் மூடப்பட்டதால் இரவல் வாங்கவும் வழியில்லாமல் போயிற்று.

1933இல் பணம் இல்லாததால் நடந்தது 2020இல் பொருள் இல்லாததால் மீண்டும் நடந்தது. வீடுகளின் பரண்களிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்த பழைய பெட்டிகள் வெளியே வந்து வாசல்வழியே கைமாறின. தொற்று அச்சத்துக்கும் மக்கள் ஒரு முறையைக் கண்டுகொண்டார்கள். அந்த வைரஸ் பிளாஸ்டிக் பரப்பில் 72 மணிநேரம் வரையிலும் அட்டைப் பரப்பில் 24 மணிநேரம் வரையிலும் உயிர்ப்போடு கண்டறியப்பட்டதாக 2020 மார்ச்சில் வெளிவந்த ஆய்வக முடிவு பரவலாக அறியப்பட்டதால், வாங்கிய பெட்டியைச் சில நாட்கள் தனியே ஒதுக்கிவைத்துவிட்டுத் திறப்பது பலருக்கு வழக்கமாயிற்று. 2009இல் விஸ்கான்சின் மாநிலத்து ஹட்சன் நகரில் டாட் போல், ஆசிரியையாக இருந்த தம் தாயின் நினைவாகத் தம் வீட்டு முன்றிலில் பள்ளிக்கூட வடிவில் நிறுவிய சிறு புத்தகப் பெட்டியிலிருந்து கிளைத்து, உலகெங்கும் பல்லாயிரக்கணக்கில் பெருகியிருந்த தெருவோர இலவச நூலகப் பெட்டிகளில் புத்தகங்களுக்கு நடுவே புதிர்களும் இடம்பிடித்தன. மனிதர்கள் ஒருவரையொருவர் அணுகவே அஞ்சிய ஓர் ஆண்டில், அணுகாமலேயே கொடுக்கவும் பெறவும் உகந்த ஒரு முறை முன்னரே புழக்கத்தில் இருந்தது பெரும் பேறு.

எல்லைகள்

இந்தப் பரிமாற்றத்துக்கு இல்லாத ஆற்றலை அதன் மேல் ஏற்றிச் சொல்வது அதற்குச் செய்யும் நன்மையாகாது. தனிமையுணர்வு உலகில் ஆறில் ஒருவரைப் பாதிக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025இல் அறிவித்தது. வறுமை, நோய், வாழ்க்கைத்துணையின் மரணம், முதியோரை மனத்தில் கொள்ளாத நகரமைப்பு ஆகியவற்றிலிருந்து எழும் அந்தத் துயரத்தை அட்டைப் பெட்டிகள் தீர்த்துவிடா. மூளைக்கு நல்லது என்ற விளம்பரமும் அளவோடு ஏற்க வேண்டியதே. ஜெர்மனியின் உல்ம் நகரில் 50 வயதைக் கடந்தவர்களிடையே நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு, புதிர் பொருத்துவது பல அறிதிறன்களைப் பயன்படுத்துகிறது என்று கண்டாலும், முப்பது நாள் பயிற்சியால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டதாகக் காணவில்லை. பார்வை மங்கியவருக்கும், விரல்கள் நடுங்குபவருக்கும், ஒரு படத்தைப் பல நாட்கள் கலைக்காமல் விட்டுவைக்க மேசை இல்லாத ஓரறை வீட்டுக்காரருக்கும் இந்த ஆட்டம் எளிதன்று என்பதையும் மறக்கக் கூடாது. சுருட்டி வைக்கும் பாய்களும் பெரிய துண்டுகள் கொண்ட புதிர்களும் இக்குறைகளை ஓரளவே போக்குகின்றன.

புதிர் தன்னளவில் தனிமைக்கு மருந்தும் அன்று. ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ திரைப்படத்தில், நாயகனின் மனைவி மாளிகையின் பெருங்கூடத்தில் அடைபட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஜிக்சா புதிர்களைப் பொருத்திக்கொண்டே இருக்கிறாள். அந்த 1941ஆம் ஆண்டுப் படம் தனிமையைக் காட்டத் தேர்ந்துகொண்ட கருவியே அதுதான். ஜார்ஜ் பெரெக் 1978இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலான ‘வாழ்க்கை: பயன்படுத்தும் முறை’ இதை இன்னும் ஆழமாக எடுத்துக்கொள்கிறது. பாரிஸ் நகரத்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தையும் அதன் குடியிருப்பாளர்களையும் பற்றிய அந்நாவலில், பார்ட்டில்பூத் என்ற செல்வந்தர் இருபது ஆண்டுகள் உலகத் துறைமுகங்களை 500 நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டுகிறார். அதே கட்டடத்தில் வசிக்கும் கைவினைஞர் ஒருவர் அவற்றை 750 துண்டுப் புதிர்களாக அறுத்துத் தருகிறார். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்தி, வரைந்த துறைமுகத்துக்கே திருப்பி அனுப்பி, வண்ணத்தைக் கரைத்து வெற்றுத்தாளாக்கிவிடுவது அவருடைய திட்டம். 439ஆம் புதிரின் முன், பொருந்தாத துண்டைக் கையில் பிடித்தபடி அவர் இறந்துபோகிறார். அறுத்தவரும் பொருத்தியவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள்; ஆயினும் ஒரு புதிர்கூட அந்தக் கட்டடத்தில் வேறெவர் மேசைக்கும் போகவில்லை. அண்டை வீட்டார் நிறைந்த கட்டடத்தில் ஒருவர் தம் புதிர்களை அழிப்பதற்காகவே பொருத்தினார் என்பதைப் பெரெக்கின் வாசகர்கள் வெவ்வேறு விதமாகப் பொருள்கொள்ளலாம். இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது தரும் தெளிவு, புதிரை உறவாக்குவது பொருத்தும் செயலைவிட, பொருத்தி முடித்தபின் அதைக் கைமாற்றிவிடும் செயலே என்பதாகும்.

மேலும் ஒன்று. ஒழுங்காகக் கைமாறிவந்த பெட்டி ஒரு வாரம், இரு வாரம் எடுக்கப்படாமல் வாசலிலேயே கிடந்தால், கதவைத் தட்டி விசாரிக்க அண்டை வீட்டாருக்கு அப்போது ஒரு காரணம் கிடைக்கிறது. தனியே வாழும் முதியோர் கீழே விழுவதும் நோயுறுவதும் பல நாட்கள் எவருக்கும் தெரியாமல் போய்விடும் நகரங்களில், இந்த ஒரு காரணத்துக்காகவே இத்தகைய ஒழுங்கான சிறு தொடர்புகளைப் பேண வேண்டும்.

இதற்குப் பெரும் நிதியோ அமைப்போ தேவையில்லை. குடியிருப்போர் சங்கங்களும் கிளை நூலகங்களும் முதியோர் இல்லங்களும் ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கினால் போதும். பதிவேடு, அபராதம், உறுப்பினர் அட்டை என்று நிர்வாகத்தைப் புகுத்தாமல் விட்டால் அது நெடுநாள் நடக்கும். இந்த வழக்கத்தைத் தொடங்க விரும்புவோர் மறவாமல் கைக்கொள்ள வேண்டியது ஒன்றே: கொடுப்பதற்கு முன் துண்டுகளை எண்ணிப் பாருங்கள், குறைந்திருந்தால் அதை மூடியின் மேல் எழுதிவையுங்கள்.